பேசப் பேசக் குறையும் சாலை

எங்கள் ஊர் உப்பளச் சாலை, மாசி மாதத்தில் ஒரு காலை, செல்லக்கனி அக்கா வாயைத் திறந்த இடத்திலிருந்து சுருங்க ஆரம்பித்தது. ஏன் சுருங்கியது, எப்படிச் சுருங்கியது என்று கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போய் வேறு வேலை பார்க்கலாம். அடுப்பில் வைத்த பால் பொங்கினால் ஏன் பொங்குகிறது என்று கேட்டுக்கொண்டா நிற்கிறோம், ஓடிப்போய் இறக்கி வைக்கிறோம், அப்படித்தான் எங்கள் ஊரும் சாலை சுருங்கியபோது வாயைப் பிளந்துகொண்டு நிற்காமல் ஆகவேண்டியதைப் பார்த்தது.

அந்தச் சாலை தூத்துக்குடியில் வீடுகள் முடிகிற இடத்தில், ஆஸ்பத்திரி வாசலில் தொடங்குகிறது. இரண்டு பக்கமும் உப்பளங்கள், பாத்தி பாத்தியாய் வானத்தைப் பிடித்துப் படுக்க வைத்தது போலத் தண்ணீர், நடுவில் ஒரு மரம்கூட இல்லாமல் வெயிலும் காற்றும் மட்டுமே துணையாக ஓடி ஓடி, கடைசியில் கடலுக்குள் மூக்கை நீட்டிய ஒரு முனையில், சிலுவை நட்டு வெள்ளையடித்த ஒரு சின்னக் குருசடியிலும் அதன் நிழலில் ஒண்டிக்கொண்டிருக்கும் மரியதாசனின் டீக்கடையிலும் போய் முடிகிறது. ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடியில்தான் எங்கள் சங்கம் தினமும் விடியலில் கூடும். கூடுவதற்கு இந்த இடம்தானா கிடைத்தது என்று நான் சேர்ந்த அன்றே கேட்டேன். "யாருக்காவது ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா வசதியா இருக்கும்லாம்மா" என்றார் கேப்டன்.

முத்துநகர் மூத்தோர் சைக்கிள் சங்கம் என்று பேனர் அடித்து வைத்திருந்தோம். தெருப் பிள்ளைகள் எங்களுக்கு வைத்திருந்த பெயர் கிழட்டு டயர். கேப்டன் என்று நாங்கள் கூப்பிடுகிற மச்சாது அண்ணன் கேப்டனாக இருந்தவர் இல்லை, துறைமுகத்தில் இழுவைக் கப்பலில் சுக்கான் பிடித்து ஓய்வு பெற்றவர், ஆனால் மகன் அனுப்பிய கியர் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தால் கடலே தன் பேச்சைக் கேட்கும் என்ற தோரணையில் கையைக் காட்டுவார். குணவதி மதினி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். ட்ரங்க் கால் காலத்தில் ஊரின் பாதி ரகசியம் அவள் காது வழியாகத்தான் போய் வந்தது, அதில் ஒன்றுகூட அவள் வாய் வழியாக வந்ததில்லை என்பதை நான் முயற்சி செய்து பார்த்தே சொல்கிறேன். அப்புறம் தவசிமுத்து அண்ணாச்சியும் அவர் மனைவி செல்லக்கனி அக்காவும். நான் எல்லோரிலும் இளையவள், சர்க்கரைக்காகச் சேர்ந்தவள். நடக்கச் சொன்ன டாக்டரிடம், நடந்தால் வீட்டுக்கு வீடு நிறுத்தி என்ன சமையல் என்று கேட்கிறார்கள், சைக்கிள் என்றால் மணியடித்துவிட்டுப் போய்விடலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சங்கத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. போகும்போது கடற்காற்று எதிரே நின்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். அதனால் ஒருவர் முன்னே போய் அந்தக் காற்றை உடைக்க வேண்டும், மற்றவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் வரிசையாக ஒளிந்துகொண்டு மிதிக்க வேண்டும், முன்னால் போகிறவருக்கு இளைத்தால் கையைத் தூக்குவார், அடுத்தவர் முன்னால் போவார். இது ஒரு டிசிப்ளின். பிள்ளைகளை வளர்த்து வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, முட்டிவலித் தைலம் மணக்க, ஒருவருக்காக ஒருவர் காற்றை உடைத்துக்கொண்டு போகிற இந்த ஜனங்களைப் பார்த்த பிறகு, எங்கள் கான்வென்டில் ஞாயிறு தவறாமல் சொல்லிக்கொடுத்த அயலாரை நேசிப்பது என்றால் என்னவென்று எனக்கு முதல்முறையாக விளங்கியது. எல்லோரும் முறைவைத்துக் கையைத் தூக்குவோம். தவசிமுத்து அண்ணாச்சி மட்டும் தூக்க மாட்டார். கேப்டன் போய் ஒதுங்கச் சொல்லும்வரை முன்னாலேயே மிதித்துக்கொண்டிருப்பார். அவருக்கு நேர் பின்னால் செல்லக்கனி அக்கா, பேசிக்கொண்டே.

அந்த மாசி மாதக் காலையிலும் அவள்தான் பேசிக்கொண்டிருந்தாள். எல்லாக் கதையையும் முடித்துவிட்டு, சொல்ல ஒன்றும் இல்லாமல், எங்கள் யாரிடமும் அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னாள்: தன் கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரம் பார்த்துத் தனக்கு விக்கல் வந்துவிட்டது, அதை அடக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு முகம் சிவந்து உட்கார்ந்திருந்தாளாம், பொண்ணுக்கு என்ன வெட்கம் பாரு என்று போட்டோக்காரர் அதைப் படம் பிடித்துவிட்டார், இன்றைக்கும் வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பது வெட்கமில்லை ஏட்டி, விக்கல். நாங்கள் சிரித்து முடித்து நிமிர்ந்தால் குருசடி முன்னால் நிற்கிறது. பாதிச் சாலைகூடத் தாண்டியிருக்கவில்லை. வழியில் வரவேண்டிய பழைய பம்ப்செட் அறை வரவில்லை, உப்புக் குவியல்கள் வரவில்லை, நடுவிலிருந்ததை எல்லாம் யாரோ சேலையைப் போலக் கொசுவிச் செருகிவிட்டிருந்தார்கள்.

"என்ன அண்ணாச்சி சீக்கிரம்?" என்றான் மரியதாசன், அடுப்பை ஊதிக்கொண்டே. "பால் இன்னும் காயலியே."

எங்கள் ஊர் அந்த அதிசயத்துக்குக் கொடுத்த முதல் மரியாதை அவ்வளவுதான்.

அந்த வாரத்துக்குள் சாலையின் குணம் எங்களுக்குப் பிடிபட்டுவிட்டது. இதுவரை சொல்லப்படாததைச் சொன்னால் சுருங்கும், சொன்னவர் இறங்கியதும் பழையபடி நீண்டுகொள்ளும். சொன்னதையே மறுபடி சொன்னால் கொட்டாவி விட்டுக்கொண்டு கிடந்த இடத்திலேயே கிடக்கும். மருமகள்களைப் பற்றிய புகார் எதற்கும் அது ஒரு சாண்கூட அசைந்ததில்லை, அவ்வளவு கேட்டிருக்கிறது. போனில் பேசினால் அதற்குக் கேட்காது. கண்ணாடியை ஏற்றிவிட்ட காருக்குள் பேசினாலும் கேட்காது, திறந்த வண்டியில், காற்றில் கலந்து, பக்கத்தில் இருக்கிற மனுஷருக்குச் சொல்ல வேண்டும். பொய் சொன்னால் நீளும். தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு மைக் கட்டிக்கொண்டு கிளம்பிய ஒரு ஜீப் குருசடிக்குப் போய்ச் சேர மறுநாள் ஆனது, வேட்பாளர் இறங்கி மரியதாசனிடம் இது எந்த மாவட்டம் என்று கேட்டாராம்.

சாலையை அளக்க இரண்டு பேர் நாடாவோடு வந்தார்கள். வாயைத் திறக்காமல் அளந்தவரை எல்லாம் பழைய கணக்குப்படியே வந்தது. நடுவில் மூத்தவர் பெருமூச்சு விட்டு, தனக்கு ட்ரான்ஸ்பர் ஆகிவிட்டது, இன்னும் வீட்டில் சொல்லவில்லை என்று இளையவரிடம் சொன்னார், இழுத்துப் பிடித்திருந்த நாடா இரண்டு பேர் கையிலும் தொய்ந்து புழுதியில் விழுந்தது. சாலை நல்ல நிலையில் உள்ளது என்று எழுதிவிட்டுப் போனார்கள். எழுதியதில் என்ன தப்பு?

ஊர் அதைத் தன் வேலைக்கு எடுத்துக்கொண்டது. மீன்காரப் பெண்கள் நாலு பேர் ஒரு ஆட்டோவில் நெருக்கி உட்கார்ந்து, ஆளுக்கொரு புதுச் சங்கதி என்று முறைவைத்துச் சொல்லிக்கொண்டு வந்ததால் சீலா மீன் துடிப்பு அடங்குவதற்குள் மார்க்கெட்டுக்கு வந்தது. ஆட்டோக்காரர்கள் ஏறி உட்கார்ந்ததும் "புதுசா ஏதாச்சும் சொல்லுங்கம்மா, பெட்ரோல் விக்கிற வெலையில" என்று கேட்டார்கள். கடல்முனைக் குடிசைகளில் கர்ப்பமாக இருந்த பெண்கள், வலி எடுக்கும் நாளுக்கென்று ஒரு விஷயத்தைத் தாயிடம்கூடச் சொல்லாமல் பத்திரமாக வைத்திருந்தார்கள். சொல்லி முடிக்கும்போது ஆஸ்பத்திரி வாசல் வந்திருக்கும், தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்குவாள். இப்படிச் சேர்த்து வைக்கிற பழக்கம் ஊருக்குள்ளும் பரவியது, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று ஒவ்வொருவரும் ஒன்றிரண்டை உள்ளே வைத்துக்கொண்டார்கள், என் வீட்டுக்காரர்கூட ஒருநாள் எதையோ சொல்ல வந்து பாதியில் நிறுத்தி, வேண்டாம், இருக்கட்டும் என்று போய்விட்டார். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் எதையும் சேர்த்து வைக்கிற ஜாதி இல்லை. மனசில் தோன்றுவது வாயில் வந்து நின்றுவிடும், அதற்காகவே கான்வென்ட் வராந்தாவில் நான் முட்டி போட்ட நாட்களைக் கோத்தால் ஒரு வருஷம் தேறும்.

எங்கள் சங்கம்தான் பாடுபட்டது. பேச்சு சுகத்தில் நாங்கள் கிளம்பினால் நாலு மிதியில் குருசடி, நாலு மிதியில் வீடு என்று ஆகிப்போய், என் சர்க்கரை ஏறி, "சைக்கிளை விட்டாச்சா?" என்று டாக்டர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். கேப்டன் அன்றே சட்டம் போட்டார்: போகும்போது மௌனம், வரும்போது பேச்சு. மூச்சுவிடாமல் முழுத் தூரமும் காற்றை உடைத்துப் போவோம், டீயைக் குடிப்போம், ஏறி உட்கார்ந்ததும் அணை திறந்த மாதிரி ஆரம்பிப்போம்.

சில மாதங்களில் எல்லோருக்கும் சரக்கு தீர்ந்தது. அறுபது எழுபது வருஷம் வாழ்ந்ததெல்லாம் இவ்வளவுதானா என்று மலைத்துப்போகிற அளவுக்குச் சீக்கிரமாகத் தீர்ந்தது. வேறு யாராக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு மிதித்திருப்பார்கள். இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா, சொல்வதற்கு ஏதாவது வேண்டுமே என்று புதிதாக வாழ ஆரம்பித்தார்கள். அடுப்பங்கரை எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாத கேப்டன் சொதி வைத்து, தேங்காய்ப்பால் திரிந்து, அதையும் குடித்துவிட்டு வந்து சொன்னார். குணவதி மதினி வாழ்க்கையில் முதல்முறையாகத் தனியாக மேட்னி ஷோவுக்குப் போய், பக்கத்துச் சீட்டில் கைப்பையை உட்கார வைத்து, இடைவேளையில் அதற்கும் சேர்த்துப் பாப்கார்ன் வாங்கியதைச் சொன்னாள். செல்லக்கனி அக்கா இடுப்பில் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கடலில் கழுத்தளவுக்கு இறங்கி நின்றுவிட்டு வந்து, உப்புத் தண்ணி நம்மளத் தூக்குது ஏட்டி, நம்ம கனத்த அது கணக்கிலயே எடுத்துக்கிடல என்று சொன்னாள். அவர்களைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

தவசிமுத்து அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. துறைமுகத்துக்கு எதிரே கயிற்றுக் கடை வைத்திருந்தவர் அவர்; கப்பலைக் கட்டுகிற வடத்திலிருந்து ஆட்டைக் கட்டுகிற சணல்வரை அங்கே கிடைக்கும், பேச்சு மட்டும் கிடைக்காது. எதைக் கேட்டாலும் "ம்". அவருக்கான பேச்சை எல்லாம் அக்காவே பேசிவிடுவாள்: அவுகளுக்குச் சீனி வேண்டாம், அவுகளுக்கு முதுகு வலி, அவுகளுக்கு அந்தப் பாட்டுப் பிடிக்கும். திரும்பி வருகிற வழியில் அவரவர் முறை வரும்போது, "அவுக முறைக்கும் நானே சொல்லுதேன்" என்று ஆரம்பித்துவிடுவாள். ஒருநாள் கேப்டன் பொறுக்காமல், "வே, ஒரு வார்த்த சொல்லும். பாதைக்கு உம்ம குரல் எப்படி இருக்கும்னே தெரியாது" என்றார். அண்ணாச்சி யோசித்து, "ம்" என்றார். பாதை ஒரு கல்கூட நகரவில்லை.

அன்று எங்கள் இரண்டு பேர் சைக்கிளும் கொஞ்சம் பின்தங்கியபோது அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள், "ஏட்டி, எனக்கு ஒரு பயம் உண்டு. அவுக பேசல்லன்னு எனக்கு வருத்தமே இல்ல. உள்ள இருக்கு, வெளிய வரல்லன்னு நெனச்சுத்தான் இத்தன வருஷம் ஓடிட்டு. இப்ப இந்தப் பாதையும் அவுகளக் கண்டுக்கிடலன்னா... உள்ள ஒண்ணுமே இல்லையோ? நான்தான் இவ்வளவு நாளா வெறும் வீட்டுக்குள்ள நின்னு பேசிக்கிட்டு இருந்தேனோ?"

அவள் அதைச் சொன்னதும் சாலை எங்கள் காலுக்குக் கீழே விருட்டென்று சுருங்கி எங்களை மற்றவர்களுக்கு முன்னால் கொண்டுபோய் விட்டது. அண்ணாச்சி எங்களைப் பார்த்தார். கேட்டிருக்குமோ என்று எனக்குச் சந்தேகம்.

ஐப்பசி பிறந்து மழை ஆரம்பித்தது. உப்பளங்களில் மழைத்தண்ணீர் நின்றால் உப்பு வாரமாட்டார்கள், லாரி ஓடாது, சாலையில் எங்களைத் தவிர ஈ காக்கை இருக்காது. அப்படி ஒரு காலையில், மரியதாசன் கடைப் பெஞ்சில், டீக் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு செல்லக்கனி அக்கா பேச்சை நிறுத்தினாள். அவள் பேச்சு நின்றதால்தான் எல்லோரும் திரும்பினோம்.

"ஏட்டி," என்றாள், "என் எடது கையில யாரோ கயிறு கட்டி இழுக்க மாதிரி இருக்கு."

முகம் முழுக்க வேர்த்திருந்தது. நான் ஆம்புலன்சுக்குப் போன் போட்டேன். வண்டி வேறொரு ஊருக்குப் போயிருக்கிறது, வர நேரமாகும் என்றார்கள். வந்தாலும் முழுத் தூரமும் வந்து, முழுத் தூரமும் திரும்ப வேண்டும், கண்ணாடி ஏற்றிய வண்டிக்குச் சாலை இரங்காது. கடைக்குத் தண்ணீர்க் குடம் ஏற்றிவருகிற மூன்று சக்கர மிதிவண்டி ஓரமாக நின்றது. கேப்டன் சுக்கான் பிடித்த காலத்துக் குரலில் ஆளுக்கொரு வேலை சொன்னார், குடங்களை இறக்கினோம், சங்கத்துப் பேனரை நாலாக மடித்து விரித்தோம், அக்காவைப் படுக்க வைத்தோம். நிமிர்ந்து பார்த்தால் அண்ணாச்சி மிதிக்கிற சீட்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்.

"நீரு எறங்கும் வே, நான் மிதிக்கேன்" என்றார் கேப்டன்.

அண்ணாச்சி தலையை ஆட்டி மறுத்துவிட்டு மிதிக்க ஆரம்பித்தார். நாங்கள் சைக்கிள்களில் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு, ஒரு கையால் வண்டியின் சட்டத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே போனோம். எதிரே சாலை, மழையில் கழுவின சாலை, கண்ணுக்கு எட்டியவரை நீளமாக, இரக்கமில்லாமல் கிடந்தது.

"பேசுங்க" என்றார் கேப்டன். "யாராவது பேசுங்க."

அவரே ஆரம்பித்தார், புயலில் வடம் அறுந்த கதையை; நாங்கள் கேட்ட கதை, சாலையும் கேட்ட கதை, அசையவில்லை. நான் வாயைத் திறந்தேன், என்னிடம் ஒன்றும் இல்லை. அன்று காலை கிளம்பும்போது தோன்றியதைக்கூட டீக்கடையிலேயே கொட்டிவிட்டிருந்தேன். ஊரில் அத்தனை பேரும் அவசரத்துக்கென்று ஒன்றை வைத்திருக்க, அவசரம் வந்த நேரத்தில் வெறும் பானையோடு நின்றது நான். குணவதி மதினி என்னைப் பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டாள், தன் உத்தியோகத்தில் ஒருநாளும் செய்யாததைச் செய்தாள்: என்றோ ஒரு ட்ரங்க் காலில் கேட்ட, இன்னொரு குடும்பத்தின் கதையை எடுத்தாள். ஒரு பெயர் சொல்லும் முன்பே வண்டியிலிருந்து அக்காவின் கை எழுந்தது. "வேண்டாம் மதினி. அது நம்ம பேச்சு இல்ல." சாலையும் அதைத்தான் நினைத்தது போலும், அப்படியே கிடந்தது. மதினியின் கன்னத்தில் தண்ணீர் வழிந்தது, மழை நின்று வெகுநேரம் ஆகியிருந்தது.

"ஏங்க" என்றாள் அக்கா, வண்டியில் படுத்தபடி, அவர் முதுகைப் பார்த்து. குரல் நூலாக வந்தது. "ஏதாச்சும் சொல்லுங்க."

"ம்" என்றார் அண்ணாச்சி.

சங்கிலி கிரீச்சிட்டது. மிதித்தார். மறுபடி மிதித்தார். அப்புறம், துருப்பிடித்த பூட்டைத் திறக்கிற மாதிரி, "உன் புளிக்குழம்புல புளி கூட" என்றார்.

பழைய பம்ப்செட் அறை எங்களைத் தாண்டி ஓடியது.

"என்னது?" என்றாள் அக்கா.

"புளி கூட. கல்யாணமான நாள்லேருந்து." அவர் திரும்பவில்லை, திரும்பியிருந்தால் சொல்லியிருக்க மாட்டார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன், முன்னால் பார்த்துக்கொண்டே, காற்றை உடைத்துக்கொண்டே, சாலையிடம் சொல்வதுபோல் சொன்னார். "கல்யாணத்தன்னைக்கு உனக்கு விக்கல் வந்துச்சுல்லா, எனக்கு அப்பவே தெரியும். நீ மூச்சப் பிடிச்சப்ப நானும் சேந்து பிடிச்சேன். அந்தப் போட்டோல என் முகத்தையும் பாரு." உப்புக் குவியல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மறைந்தன. "கடையில ஆள் இல்லாதப்ப உன்ன மாதிரி பேசிப் பாப்பேன், கயித்துச் சுருளுங்ககிட்ட. வரல்ல. நீ தூக்கத்துல பேசுவ, அது உனக்குத் தெரியாது. கேள்வி கேப்ப. நான் பதில் சொல்லுவேன். நீ கேக்க கேக்க நான் சொல்லிக்கிட்டே இருப்பேன், பகல்ல விட்டதெல்லாம்." பாத்திகள் மடிந்தன, வானம் மடிந்தது, எங்கள் சைக்கிள்கள் மிதிக்காமலே ஓடின, நாங்கள் சட்டத்தைப் பிடித்த கையை விடவில்லை. "நீ வாய் ஓயாமப் பேசுத. நடுவுல நான் ஒண்ணு சொன்னா, நீ ஒண்ணு கொறச்சுச் சொல்லுவேல்லா. அதான் சும்மா இருந்தேன்."

அக்காவின் கண் திறந்திருந்தது, அவர் முதுகைவிட்டு அசையவில்லை.

ஆஸ்பத்திரியின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது, ஆனால் இன்னும் தூரத்தில். அக்காவின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. அப்போதுதான் அண்ணாச்சி, எங்களுக்கு அதுவரை தெரியாத ஒன்றை, குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "நமக்குப் பொறந்து, பேர் வைக்கதுக்குள்ள போச்சே ஒரு பிள்ள. எடுத்துட்டுப் போகையில நான் அதுக்கு ஒரு பேர் வச்சேன். அந்தப் பேரச் சொல்லித்தான் தெனமும் கடையத் திறப்பேன்."

"என்ன பேரு?" என்றாள் அக்கா.

சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. சாலைக்குக் கேட்டது. மிச்சமிருந்த தூரம் முழுவதும் ஒரே மூச்சில் உள்ளே போய், கடைசி உப்பளத்தின் தண்ணீர் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் வந்து மோதித் தளும்பியது, வாசலில் நின்ற நர்ஸ் செருப்பு நனையாமல் ஒதுங்கிக்கொண்டு, "ஸ்ட்ரெச்சர்!" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள்.

பிழைத்துக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்ததும், தாமதிக்கவில்லை அல்லவா, அப்புறம் என்ன என்று நான்தான் வாயை அடைத்தேன். மூன்றாம் நாள் பார்க்கப் போனபோது தலையணையில் சாய்ந்துகொண்டு அவரைக் காய்ச்சிக்கொண்டிருந்தாள், "புளி கூடன்னு இப்பமா சொல்லுதது? எத்தன பானக் குழம்பு வச்சிருப்பேன்! வீட்டுக்கு வந்தவுகளுக்கெல்லாம் அதத்தான் ஊத்தியிருக்கேன்!" அண்ணாச்சி ஆரஞ்சு உரித்துக்கொண்டே "ம்" என்றார். சுவரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்திருந்த கல்யாணப் போட்டோ அவள் மடியில் கிடந்தது. நான் குனிந்து பார்த்தேன். மாப்பிள்ளைக்கும் கன்னம் உப்பித்தான் இருந்தது.

சாலை சில நாள் கசங்கின சேலை மாதிரி அப்படியே கிடந்தது. வேப்பமரத்தடியில் நின்று கையை நீட்டினால் மரியதாசன் டீயைக் கொடுக்கிற தூரம். ஊர் அதையும் ஏற்றுக்கொண்டு, ஆஸ்பத்திரி நோயாளிகளுக்குக் கடல்முனையிலிருந்தே பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தது. அப்புறம் மழை விட்டு வெயில் அடித்ததில் மடிப்புகள் ஒவ்வொன்றாய்ப் பிரிந்து, தை மாதத்துக்குள் பழைய நீளத்துக்கு வந்து சேர்ந்தது.

செல்லக்கனி அக்கா இனி சைக்கிள் மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் மரியதாசனின் மூன்று சக்கர வண்டியை அண்ணாச்சி வாங்கி, துருவைத் தேய்த்துப் பச்சை வண்ணம் அடித்து, தானே முறுக்கிய கயிற்றால் பின்னால் ஒரு இருக்கை பின்னினார். முதல் நாள் இரண்டு பேரும் வந்து சேர்ந்தபோது நாங்கள் கைதட்டினோம். போகும்போது மௌனம், சட்டப்படி. திரும்பும்போது கேப்டன் கையைக் காட்டினார், "ம், ஆரம்பிங்க, அண்ணாச்சி முறையில இருந்தே ஆரம்பிப்போம், இப்பத்தான் தேன்கூட்டத் தொட்டிருக்கோம்." அண்ணாச்சி பேசவில்லை. சரி, அக்கா சொல்லுவாள் என்று திரும்பினால், அவளும் பேசவில்லை. கயிற்று இருக்கையில் சாய்ந்து, அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு, வாயில் வெற்றிலையை அதக்கிக்கொண்டு வருகிறாள்.

"என்ன செல்லக்கனி, பேச்சு தீந்துபோச்சா?" என்றார் கேப்டன்.

அக்கா உதட்டில் விரலை வைத்தாள். நான் சும்மா இருப்பேனா, சைக்கிளை நெருக்கிக்கொண்டு போய், என்ன அக்கா, கோபமா, ஆஸ்பத்திரியில் அவ்வளவு கத்தினாய், இப்போது என்ன வந்தது என்று கேட்டேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்து, காதோடு காதாக, சாலைக்குக் கேட்காதபடி சொன்னாள்:

"பேசுனா சீக்கிரம் வீடு வந்துரும்லா, ஏட்டி."

என் வாயில் அப்போது ஏழெட்டு வார்த்தைகள் வந்து முட்டிக்கொண்டு நின்றன. சிஸ்டர் எத்தனை முறை முட்டி போட வைத்தும் நான் செய்யாததைச் செய்தேன், அத்தனையையும் விழுங்கினேன். கேப்டனும் புரிந்துகொண்டு கையை இறக்கினார், குணவதி மதினி முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள், இத்தனை மாதச் சட்டத்தை உடைத்துவிட்டு நாங்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு மிதித்தோம். அண்ணாச்சி முன்னால், அவர் முதுகுக்குப் பின்னால் அக்கா, அவர்களுக்குப் பின்னால் நாங்கள், இரண்டு பக்கமும் உப்புப் பூக்கத் தொடங்கிய பாத்திகள். வேப்பமரம் தூரத்தில் ஒரு புள்ளியாக இருந்தது. நாங்கள் மிதிக்க மிதிக்கச் சாலை நீண்டு, பார்க்கப் பார்க்க அந்தப் புள்ளி சிறிதாகிக்கொண்டே போனது.